ஆடாதவருக்குப் பதவி இல்லை

மாத்தளை
12.08.1964

அன்பும் கண்ணியமும் நிறைந்த ஹுசைன் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உங்கள் தங்கை ஸரீனாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கொழும்பில் நீங்களும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதாவிட்டால் ஸரீனா கடிதத்தைத் தபாலில் போட விடமாட்டாள் என்பதால் எழுதினேன். உண்மையில் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் நீங்கள்.

எங்கள் விடிவெள்ளி உதைபந்தாட்டக் கழகம் இந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றதும், நிர்வாகத்தில் இருக்கும் பதினொரு பேரும் இருபது வருடமாகப் பந்தைக் காலால் தொடாதவர்கள் என்பதும், இருந்த ஒரே பந்தைத் தலைவர் அப்துல் ஸமத் ஹாஜியார் பழுதாகிவிடும் என்று அலுமாரியில் வைத்துப் பூட்டியதால் விளையாடுகிறவர்கள் பந்தளவு பெரிய ஜம்போலாக் காயை உதைத்துப் பழகியதும் உங்களுக்குத் தெரியும். செயலாளன் என்ற முறையில் இதைத் திருத்த வழி கேட்டேன். நீங்கள் புரொக்டர் கந்தோரில் சட்டக் கடதாசி எழுதுகிறவர். "களத்தில் இறங்கி ஆடாதவர் நிர்வாகத்தில் இருக்கலாகாது" என்று ஒரே வரியில் விதி எழுதித் தந்தீர்கள். பொதுக்கூட்டத்தில் வாசித்தேன். அடிதடி வரும் என்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஹாஜியார் எழும்பி, "நல்ல சட்டம். எல்லாரும் கை தூக்குங்க" என்றார். தூக்கினார்கள். பிறகு, "செக்ரட்டரி, கடதாசிய எடுங்க. ஞாயித்துக்கெழம மெச்சுக்கு சென்டர் போர்வேட்ல நம்மட பேர எழுதுங்க" என்றாரே மச்சான்! மூச்சிழுப்புக்காரர், வயது அறுபத்திரண்டு. பொருளாளர் ரவூப் மாஸ்டர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஓடத் தேவயில்லாத எடமாப் பாத்து என்னயப் போடுங்க" என்றார். ஆடுகிறவர்களைத் தெரிவு செய்வதும் நிர்வாகம்தானே! என்னைத் தவிர மற்றப் பத்துப் பேரும் தங்களைத் தாங்களே தெரிவு செய்துகொண்டார்கள். உண்மையாக ஆடுகிறவர்களில் மிஞ்சியது, கொக்கோ ஸ்டோரில் மூட்டை தூக்கும் கோல்காப்பாளன் இராசமாணிக்கம் மட்டும்.

பட்டியலைப் பார்த்துவிட்டு அவன், "ஏங்க செக்ரட்டரி, இந்தப் பத்துப் பேரையும் தாண்டித்தானே பந்து எங்கிட்ட வரணும்? எனக்கு வல பத்தாதுங்க, கதவு போட்டுக் குடுங்க" என்றான். சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உக்குவளை அணியோடு ஆட்டம். அதிலும் தோற்றால் லீக்கிலிருந்து கழகத்தை வெட்டிவிடுவார்கள். இடமிழந்த எங்கள் வீரர்களை உக்குவளைக்காரர்கள் இப்போதே தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து வளைக்கிறார்கள். ஆகவே மச்சான், இந்த விதி அடுத்த வருடம்தான் நடைமுறைக்கு வரும் என்று சட்டக்காரர் தோரணையில் உடனே ஒரு தந்தி அடியுங்கள். ஹாஜியார் தந்திக்குப் பயப்படுவார். கழகம் பிழைப்பது உங்கள் கையில்.

ஸரீனாவின் ஸலாமும் பிள்ளைகளின் முத்தமும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்குத் தூக்கத்தையும் தருவானாக.

உங்கள் அன்பு மச்சினன்,
பலீல்

பி.கு.: தந்தி வேண்டாம். இந்த விதிப்படி செயலாளரும் ஆடத்தான் வேண்டும் என்று ஹாஜியார் இப்போதுதான் ஆள் அனுப்பிச் சொன்னார். ஆடாமல் தப்ப விதியைத் தள்ளிப்போடப் பார்க்கிறவருக்கு இப்போதே பதவி இல்லையாம். பதவி எனக்குப் பெரிதல்ல. ஆனால் பதினான்கு வருடம் நான் எழுதிய கூட்டக் குறிப்புப் புத்தகத்தை இன்னொருவன் கையில் எப்படிக் கொடுப்பது? கோல்காப்பாளன் இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். எட்டாம் நம்பர் பூட்ஸ் ஒரு சோடி சனிக்கிழமை ரயிலில் அனுப்புங்கள். இராசமாணிக்கத்திடம் கேட்டால் தன்னுடையதைத் தருவான். எதற்கு என்று கேட்பான்.