பிரம்மபுத்திராவின் திருமண நிலை

நதி என்றால் ஓரிடத்தில் தோன்றி ஓரிடத்தில் கடல் சேர வேண்டும். நடுவழியில் பெயரை மாற்றிக்கொள்வது மரியாதையுள்ள நதிக்கு அழகல்ல. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள எங்கள் ஆய்வுக்கூட அலுவலகத்துக்கு இதில் உறுதியான கொள்கை உண்டு.

ஸ்வர்ணா ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி. பிரம்மபுத்திரா பற்றிய அவள் ஆய்வுக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீட்டிப்பு கிடைக்காவிட்டால் வேலை போகும், கூடவே விசாவும் போகும். விண்ணப்பத்தில் நதியின் பெயருக்கு ஒரே கட்டம். அதற்குள் சாங்போ, சியாங், பிரம்மபுத்திரா, ஜமுனா, பத்மா, மேக்னா என்று திணித்திருந்தாள். வியாழக்கிழமை துணைக்கு நானும் போனேன்.

அலுவலர் பிரபாலினி இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். எங்களைக் கண்டதும் அன்பாகத் தமிழுக்கு மாறினார்; சட்டத்தை மட்டும் ஜெர்மனிலேயே வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பேரோ? ஒவ்வொருத்தருக்கும் தனி அன்ட்ராக், தனி விண்ணப்பம் தாங்கோ."

"மேடம், ஒரே ரிவர்தான். ஊருக்கு ஊர் பேர் மாறுது."

"மாறினதுக்குச் சான்றிதழ் இருக்கோ?"

ஸ்வர்ணாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஜமுனா போய் பத்மாவோட சேருது. கல்யாணம் ஆச்சுன்னு எழுதிக்கோங்க!"

பிரபாலினியின் முகம் மலர்ந்தது. "அதை முதலே சொல்லியிருக்கலாமே. அதுக்குக் கட்டம் இருக்கு. டீஸ்டா, மானஸ், சுபன்சிரி எல்லாம் பிள்ளையளோ?"

"இல்ல மேடம். வழியில வந்து கலக்குது."

"அப்ப கூடக் குடியிருக்கிறவை. வீட்டுச் சொந்தக்காரரின்ர கடிதம் வேணும்." பேனா சட்டென்று நின்றது. "கடைசியில மேக்னா எண்டு கிடக்கு?"

"அங்கயும் சேருது."

"முதல் கலியாணம் இருக்க ரெண்டாவதை ஏற்க ஏலாது. விவாகரத்து வேணும்."

ஸ்வர்ணா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்மாவும் பிரம்மபுத்திராவும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தன என்று எழுதிக்கொடுத்தாள். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். டீஸ்டாவுக்கு வீட்டுச் சொந்தக்காரராகவும் நானே கையெழுத்திட்டேன்.

நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த வாரமே அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது: ஆய்வு வரைபடம் கோப்புடன் முரண்படுகிறது, திருத்துக. ஸ்வர்ணா மூன்று நாள் உட்கார்ந்து பத்மாவை அழித்தாள். அந்த இடத்தில் இனி வெள்ள அபாயம் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. வரைபடம் இப்போதுதான் தெளிவாக இருக்கிறது என்று பேராசிரியர் பாராட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இந்த மாதம் என் விசா முடிகிறது; நீட்டிப்புக்கு நானும் பிரபாலினியிடம் போய் நின்றேன். என் ஆய்வு கங்கை பற்றியது. வங்காளதேசத்துக்குள் போனால் அதற்குப் பெயர் பத்மா.

பிரபாலினி ஸ்வர்ணாவின் வரைபடத்தை விரித்து, அதனுடன் இணைத்திருந்த விவாகரத்துத் தாளில் என் சாட்சிக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "வரைபடத்தில பத்மா இல்லையே, ஸ்ரீஹரி. உங்கட நதி எந்தக் கடலுக்குப் போகுது?"

"நீங்களே ஒரு கடலைச் சொல்லுங்க மேடம்" என்றேன். "வரைஞ்சுடறேன்."