ரயில் நகர்ந்தால் வரும் இங்கிலீஷ்

திண்டுக்கல்லில் இருந்து வடமதுரை போகிற ரோட்டில் முதன்முதலாக ஆயில் என்ஜின் ஒர்க்ஷாப் போட்டவன் நான். தகரக் கொட்டகை, அந்தத் தகரமும் இரவல். அந்த வட்டாரத்தில் கமலை இறைத்த மாட்டை அவிழ்த்துவிட்டு என்ஜின் இறக்கிய கிணறுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டது. (மீதிக் கிணறுகளில் தண்ணீர் இல்லை.) அப்புறம் கடை கட்டினேன், கடைக்கு மேல் மாடி கட்டினேன், தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்தேன். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரும் நான் கட்டினதுதான். ஐந்தாம் வகுப்பில் நான் வேலியை ஏறிக் குதித்து ஓடின இடம் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் உயரமாகவே கட்டச் சொன்னேன்.

இம்புட்டும் கட்டினவனுக்கு ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைக் கட்ட வராமல் போனது. அதையும் கடைசியில் கட்டினேன். கட்டின விதம்தான் ஊருக்குச் சிரிப்பாகிவிட்டது.

அது கரண்டு வராத கிராமமெல்லாம் ஆயில் என்ஜின் கேட்டுக்கொண்டிருந்த காலம். மெட்ராஸில் இருந்த ஒரு என்ஜின் கம்பெனி திண்டுக்கல் பக்கத்துக்கு ஏஜெண்டு தேடுகிறது என்று பேச்சு வந்தது. ஆள் பார்க்க மேனேஜரே வருவாராம். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பி.ஏ. படித்த இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்கள். நானும் கேட்டு வைத்தேன். ஏஜென்சி கிடைத்தால் நான் முதலாளி. கிடைக்காவிட்டால் அடுத்தவன் விற்ற என்ஜினுக்கு ஆயுசு பூராவும் நட்டு முடுக்க வேண்டியதுதான்.

எனக்குச் சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒருவன் யூசுப், தோல் மண்டிக்காரர் வீட்டுப் பையன், மெட்ராஸுக்கு அடிக்கடி போய் வந்து இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவன். இன்னொருவன் சவரிமுத்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுப்பவன். சாயங்காலமானால் இரண்டு பேரும் என் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள்.

"ஏலே சுப்பையா, மேனேஜர் வாரதுக்குள்ள உன்னைப் பேச வச்சிர்றோம்" என்றான் யூசுப்.

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்கா? நீ முன்னுக்கு வரணும்னுதான்."

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. திண்டுக்கல்லில் எவன் சும்மா கொடுத்திருக்கிறான்? மாட்டுத் தரகன் கூட கொம்பைத் தடவிக் கொடுப்பது மாட்டுக்காக இல்லை.

சவரிமுத்து ஒரு சட்டம் போட்டான். விளக்கு ஏற்றின பிறகு கொட்டகைக்குள் தமிழ் பேசக் கூடாது. வாயில் தமிழ் வந்தவன் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்க வேண்டும். முதல் வாரம் முழுக்க நான்தான் வாங்கினேன். என்ஜின் பெல்ட்டில் விரல் சிக்கி "ஐயோ" என்று கத்தினதற்குக் கூட வடை வாங்க வைத்தார்கள். அப்போது தெரிந்தது இது வடைக்குப் போட்ட திட்டம் என்று. அது சில்லறைத் திட்டம். உள்ளே பெரிய திட்டம் ஒன்று இருக்கும் என்றும் பட்டது.

ஏனென்றால் அவர்கள் இரண்டு பேரும் அவர்களுக்குள் கடகடவென்று இங்கிலீஷில் பேசிக்கொள்ளும்போது நடுநடுவே "சுப்பையா", "சுப்பையா" என்று வரும். உடனே சிரிப்பு. மற்றதெல்லாம் இங்கிலீஷில் இருக்க, என் பேர் மட்டும் எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. இதைவிடக் கொடுமை உண்டா?

ஒருநாள் யூசுப், "மேனேஜர் வந்ததும், 'ஐ ஆம் வெரி ஹாப்பி டு மீட் யூ சார்'னு சொல்லு" என்றான்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"உங்களைப் பார்த்ததுல ரொம்பச் சந்தோசம்னு அர்த்தம். எடு காசை, ஒரு டீ சொல்லு, தமிழ்ல கேட்டுட்டே." (சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அந்தச் சட்டம் கிடையாதாம்.)

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. சந்தோசம் என்று இவன் சொல்கிறான். 'என்னைச் செருப்பால் அடிங்க சார்' என்று அது இருந்தால்? யாரிடம் கேட்பது? படித்தவன் எவனிடம் கேட்டாலும் மறுநாள் டவுன் பூராவும் பரவிவிடும். சர்ச் ஃபாதரிடம் கேட்கலாம் என்றால் அவர் திட்டினாலும் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்கிற மனுசர். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அப்போதுதான் எனக்கு ரயில் ஞாபகம் வந்தது. (இந்த யோசனை பி.ஏ. படித்தவனுக்கு வராது என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.)

மெட்ராஸ் ரயில் திண்டுக்கல்லில் தண்ணீர் பிடிக்க நிற்கும். முதல் வகுப்புப் பெட்டியில் கண்ணாடி போட்டு, இங்கிலீஷ் பேப்பர் படிப்பவராக ஓர் ஆளைக் குறித்துக்கொள்வேன். பேச மாட்டேன். கார்டு விசில் அடித்து, கொடி காட்டி, வண்டி நகர்ந்த பிறகு ஜன்னலோரம் நடந்துகொண்டே வாக்கியத்தைச் சொல்வேன். நல்ல வார்த்தையாக இருந்தால் முகம் மலரும். கெட்ட வார்த்தையாக இருந்தால் முகம் சிவக்கும். ஆனால் இறங்கி வந்து அடிக்க முடியாது. வண்டி வடமதுரை தாண்டியிருக்கும்.

முதல் ஆள் ஒரு வயசானவர். "ஐ ஆம் வெரி ஹாப்பி டு மீட் யூ சார்!" என்றேன். அவர் பேப்பரை இறக்கி, கையை ஆட்டி, "தேங்க் யூ, தேங்க் யூ!" என்று பெட்டி மறைகிற வரைக்கும் சொன்னார். அடுத்தவர் ஒரு அம்மாள். "ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி?" என்றேன். என்னைக் கேண்டீன்காரன் என்று நினைத்துக் காலி காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். ஆக அந்த வாக்கியமும் சுத்தம்.

இப்படி யூசுப் சொல்லிக்கொடுத்தது, சவரிமுத்து சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றி அனுப்பிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பழுதில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. இம்புட்டையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறான் என்றால், கடைசிக்கு என்று ஒன்றைப் பெரிதாக வைத்திருக்கிறான்!

இதற்கு நடுவில் எனக்குத் தெரியாமலே ஒன்று நடந்திருந்தது. பிளாட்பாரத்தில் எனக்கு இங்கிலீஷ் கொட்டியது. ஆள் நகர்ந்தால் போதும், நாக்கு தானாகப் புரளும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் வாய் திறக்காது. இதை முதலில் கண்டுபிடித்தவன் சவரிமுத்து.

"என்ன மாப்ள இது, நான் செத்த நேரம் உக்காந்து கேட்டா கல்லு மாதிரி இருக்கே. நான் சைக்கிளை எடுத்தா வாசல் வரைக்கும் இங்கிலீஷ்ல கூடவே வாரே?"

நான் பதில் சொல்லவில்லை. (அவன் உட்கார்ந்திருந்தான்.)

ஒருநாள் காலையில் மேனேஜர் வந்தார். கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு என் கதை முடிந்தது. அவர் என்னவோ கேட்டார். "யெஸ் சார்" என்றேன். இன்னொன்று கேட்டார். "யெஸ் சார்." அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று கேட்டார். அதற்கும் கைகட்டிக்கொண்டு, "யெஸ் சார்." அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். அவர் எழுந்ததும் எனக்குப் பேச்சு வரத்தான் செய்தது. அதற்குள் டிரைவர் கதவைச் சாத்திவிட்டான்.

இளநீர் வெட்டிக்கொண்டு வந்த யூசுப் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"ஏன்டா பாவி, 'இந்த ஊர்ல உன்னைவிட நல்ல ஆள் இருக்கானா?'ன்னு கேட்டார். யெஸ்ஸுன்னே. 'அப்ப அவரைப் போய்ப் பாக்கட்டுமா?'ன்னார். அதுக்கும் யெஸ்ஸு. 'நான் கிளம்பவா?'ன்னு கேட்டார். அதுக்குமாடா யெஸ்ஸு?"

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். யூசுப் இளநீரை என் கையில் கொடுத்துவிட்டு, "சரி விடு. நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

நாங்க பாத்துக்கிறோம்! எதைப் பார்த்துக்கொள்வார்கள்? இளநீர் காலியாவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏஜென்சியை இவன்கள் எடுக்கப் போகிறான்கள். மண்டியில் இடம் இருக்கிறது, டைப் அடிக்க ஆள் இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது. நட்டு முடுக்க மட்டும் நான்!

சாயங்காலம் மெட்ராஸ் ரயிலுக்கு ஸ்டேஷன் போனேன். நினைத்தது சரி. முதல் வகுப்பு ஜன்னலில் மேனேஜர். வெளியே யூசுப்பும் சவரிமுத்தும். கைகளை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்கள். "சுப்பையா" என்று கேட்டது. "ஏஜென்சி" என்று கேட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு ஓடினேன். "சார்! டோண்ட் பிலீவ் தெம், சார்! தே ஆர் மை ஃப்ரெண்ட்ஸ்!"

மேனேஜர் தலையை வெளியே நீட்டினார். நான் விடவில்லை. "ஐ ரிப்பேர் எனி என்ஜின், சார்! எரியோடு, வடமதுரை, எனி வில்லேஜ்! ஆஸ்க் எனி கிணறு! நோ மேன் பெட்டர் தேன் மீ! மார்னிங் யெஸ், ஆல் நோ, சார்! ஐ ஆம் வெரி ஹாப்பி டு மீட் யூ! ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி?"

குடும்ப நலத்தை அவர் சொல்வதற்குள் நான் சிறுமலை வாழைப்பழக் கூடைகளுக்குள் போய் விழுந்தேன். பார்சலில் ஏற்ற அடுக்கி வைத்திருந்த கூடைகள். எழுந்து பார்த்தால் இடுப்பு வரைக்கும் பழம். என் துண்டை ஒரு கையாலும் என் கழுத்தை மறு கையாலும் பிடித்துக்கொண்டு பழக்காரர்.

"எந்திரி முதல்ல! எந்த ஊருக்காரன்டா நீ, ரயிலைத் துரத்துற?"

யூசுப்பும் சவரிமுத்தும் ஓடி வந்து அவர் கையில் இருந்து என்னை விடுவித்தார்கள். நான் அவர்கள் மேலேயே பாய்ந்தேன். "ஏஜென்சியை வாங்கியாச்சா? சந்தோசமா?"

சவரிமுத்து என் தோளில் இருந்த பழத்தோலை எடுத்துப் போட்டான். "உனக்குத்தான்டா கேட்டோம். 'அவன் கூச்சப்படுறவன் சார், வாய் பேசாது, கை பேசும். அவன் தொட்டா செத்த என்ஜினும் ஓடும்'னு யூசுப் சொல்லிக்கிட்டு இருந்தான். நீ என்னடான்னா எங்களை நம்பாதீங்கன்னு மெட்ராஸ் வரைக்கும் கத்திட்டே."

அவன் கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனாலும், அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்பதற்கு என்ன சாட்சி? இங்கிலீஷில் அல்லவா பேசினார்கள்?

ஏஜென்சி எனக்கு வந்தது. கடை திறப்பு விழாவுக்கு மேனேஜரே வந்தார். இவர்கள் பேச்சைக் கேட்டுக் கொடுத்தாரா, என் ஓட்டத்தைப் பார்த்துக் கொடுத்தாரா என்று அன்றைக்கே கேட்டுத் தெளிந்திருக்கலாம். ஆனால் அவர் விழா முடிகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார்.

அப்புறம் வியாபாரம் எனக்கு உட்கார்ந்த ஆளிடமும் பேசக் கற்றுக்கொடுத்தது. கம்பெனி ஆட்கள், பேங்க் ஆட்கள் எல்லாரிடமும் இங்கிலீஷில் சண்டையே போட்டிருக்கிறேன். வீட்டில் யார் நம்புகிறார்கள்? இன்றைக்கும் இங்கிலீஷ் பேசுகிற விருந்தாளி வந்தால் என் சம்சாரம் பேத்தியைக் கூப்பிடுவாள்: "ஏ புள்ள, வந்தவுக செருப்பை எடுத்து வாசல்ல வையி. அவுக கிளம்புனாத்தான் ஒங்க தாத்தா பேசுவாக." விருந்தாளி தன்னை விரட்டுவதாக நினைத்து எழுந்துவிடுவார். நான் வாசல் வரைக்கும் இங்கிலீஷில் போய் அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டி வர வேண்டும்.

இப்போது என் மகன் புதுசாக ஷோரூம் கட்டியிருக்கிறான். வாசலில் பளிங்குக் கல் பதிக்கப் போகிறார்கள். 'நண்பர்கள் யூசுப், சவரிமுத்து ஆகியோரின் நல்லுதவியால் தொடங்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினான். யூசுப் போன வாரம் வீட்டுக்கு வந்து அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தபோதே நான் நினைத்தேன்.

சொல்லிக்கொடுத்தது அவர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்த இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். ஓடினவன் ஒருத்தன். விழுந்தவன் ஒருத்தன். கல்லில் மேல் வரியில் 'சுப்பையாவின் சொந்த முயற்சியால்' என்று பெரிய எழுத்தில் வெட்ட வேண்டும். அவர்கள் பேரைக் கீழே சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டும். கல் வெட்டுகிற அன்றைக்கு எழுத்தின் அளவைப் பார்க்க நானே நேரில் போய் நிற்பேன்.