ஒரு தாள் குறைகிறது

அலை ஓய்ந்த பிறகுதான் கடலில் குளிப்பேன் என்று தோளில் துண்டோடு கரையிலேயே நிற்கிற இனம் ஒன்று உலகத்தில் உண்டு. அதற்குப் பல கிளைகள். நாளை முதல் நடைப்பயிற்சிக்குப் போகப்போகிறவர், அடுத்த வருடம் புத்தகம் எழுதப்போகிறவர், பல் டாக்டரைப் பார்க்கப்போகிறவர். இவர்களையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே சொல்ல வருவது கொஞ்சம் அபூர்வமான கிளை: குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப்போகிறவர்.

வந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்க அனுமதி வாங்கி, அங்கேயே வேலை பார்த்து, வரி கட்டி, பெண் குழந்தை பெற்று, அவளைப் பள்ளியில் சேர்த்து, பள்ளியிலிருந்து எடுத்துக் கல்லூரியில் சேர்த்து, இதற்கிடையில் தலைமுடியில் முக்கால் பங்கை அந்த நாட்டுக் குளியலறைகளிலேயே உதிர்த்துவிட்டு, பத்தொன்பது வருடம் கழித்தும், "விண்ணப்பம் போட்டாச்சா?" என்று கேட்டால், "தயார் பண்ணிட்டிருக்கேன்" என்பார். நிச்சயதார்த்தம் முடிந்து பத்தொன்பது வருடமாக முகூர்த்த நாள் பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி.

நம்முடைய ஆள் லிஃப்ட் பரிசோதகர். ஒரு லிஃப்டின் கதவை முப்பது தடவை மூடித் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. வேலைக்கு அது நல்ல குணம். வீட்டுக்கு? நண்பர்கள் அவருக்கு 'ஃபைல்காரர்' என்று பெயர் வைத்திருந்ததிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். அந்த நீல நிற ஃபைல் குளியலறை எடைக்கருவியில் நாலே கால் கிலோ காட்டியது. எடை போட்டுப் பார்த்தது அவரேதான்.

விண்ணப்பம் வெறும் பதினொரு பக்கம். ஆனால் போட்டோ ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். போலீஸ் நற்சான்றும் அப்படியே. போட்டோ எடுத்துவிட்டு நற்சான்றுக்குக் காத்திருந்தால் போட்டோ பழசாகிவிடும். புதுப் போட்டோ எடுத்து வந்தால் நற்சான்று பழசாகியிருக்கும். இரண்டும் ஒருமுறை ஒன்றாகக் கூடி வந்தபோது, விண்ணப்பப் படிவத்தையே மாற்றிவிட்டார்கள்.

"அண்ணே, முப்பத்தெட்டாவது தடவை," என்றார் போட்டோ கடைக்காரர். "எல்லாத்தையும் வரிசையா வச்சு வேகமாப் புரட்டினா உங்க முடி கொட்டுறது படமாவே ஓடுது."

இந்த இனத்தின் இன்னொரு லட்சணம், ஊருக்கு உபதேசம். யார் விண்ணப்பிக்க நினைத்தாலும் முதலில் ஃபைல்காரரிடம்தான் வருவார்கள். முடி வெட்டுகிறவர் வந்தார். மருந்துக்கடைக்காரர் வந்தார். சொந்த மைத்துனன் வந்தான். எந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும், எதில் குறுக்குக் கோடு போட வேண்டும், கறுப்பு மையா நீல மையா என்றெல்லாம் மூன்று மணி நேரம் பாடம் எடுப்பார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரே மாலையில் எழுதி அனுப்பிவிடுவார்கள். எட்டு மாதத்தில் குடியுரிமை வந்துவிடும்.

"நீ வெளிநாடு போயிட்டு வந்த பயணப் பட்டியல்ல எத்தனை நாள் போட்டே?" என்று மைத்துனனை ஒருமுறை விசாரித்தார்.

"உத்தேசமாத்தான் மாமா."

"உத்தேசமாவா?" என்று கேட்டவர், அன்று சாப்பிடவில்லை.

ஒவ்வொருவரின் குடியுரிமை உறுதிமொழி விழாவுக்கும் அவர் கோட்டு போட்டுக்கொண்டு போனார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, நூற்று இருபது சொல் கொண்ட உறுதிமொழியை உதடு பிரியாமல் கூடவே சொல்வார். மனைவி விண்ணப்பித்து, அவளுடைய விழாவும் வந்தது. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். காலை எட்டு மணிக்குள் நாற்பது பேரை நாற்காலியில் உட்காரவைக்கிறவளுக்கு ஒரு படிவம் எம்மாத்திரம்? அன்றைக்குப் பார்த்து மண்டப ஊழியர் ஒருவர் விடுப்பு. இருநூறு பேர் எங்கே நிற்பது என்று தெரியாமல் மந்தையாக நின்றார்கள். நம்மவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அகரவரிசைப்படி நிறுத்தி, குடையை வாங்கி ஓரமாக வைத்து, நாக்கு புரளாத சொல்லுக்கு உச்சரிப்பும் சொல்லிக்கொடுத்தார்.

அதிகாரி வந்து கைகுலுக்கினார். "ரொம்ப நன்றி சார். நீங்க குடிமகனாகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"இன்னும் விண்ணப்பிக்கலை. ஒரு தாள் குறையுது."

அதிகாரி அந்தக் கையை விடுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார்.

பிறகு தேர்தல் வந்தது. எந்த வேட்பாளர் என்ன சொன்னார், எதை மறைத்தார் என்று ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடந்தது. வாக்குப்பதிவு நாளில் மனைவியும், அங்கேயே பிறந்ததால் குடிமகளான மகளும் வாக்குச்சாவடிக்குள் போனார்கள். ஃபைல்காரர் வாசலில் ஆளுக்கொன்றாக இரண்டு கைப்பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்த மகளிடம், "யாருக்குப் போட்டே?" என்றார்.

"அது ரகசியம்பா. குடிமக்களோட உரிமை."

மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டவர் கைப்பைகளைத் திருப்பிக் கொடுக்கவே மறந்துபோனார். இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டே தெரு முழுக்க நடந்து வந்தவரைப் பார்த்துத்தான் மனைவி முடிவு செய்தாள்.

"எந்தத் தாள் குறையுதுன்னு இப்பச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். பிறகு ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 'குடியுரிமை கோருவதற்கான காரணம்' என்று ஒரு கேள்வி. கீழே இரண்டே வரி இடம்.

"எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துட்டேன். சரியா வரமாட்டேங்குது."

ஃபைலின் நாலே கால் கிலோவில் ஒன்றரை கிலோ அந்தக் காரணம்தான். முதல் வரைவு அவர் பிறந்த ஆஸ்பத்திரியில் தொடங்கி முப்பத்திரண்டு பக்கம் ஓடியது. இரண்டாவது, அந்த நாட்டின் தண்ணீர்க் குழாய்களைப் பற்றிய புகழுரை. மூன்றாவது கல்யாணப் பத்திரிகை மாதிரி 'நிகழும் நன்னாளில்' என்று ஆரம்பித்தது. நான்காவதில் ஒரே வாக்கியம், அதுவும் அடிக்கப்பட்டிருந்தது: 'திரும்பிப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.'

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். பேனாவை எடுத்து அவர் கையில் வைத்து, "எழுதுங்க. 'வீடு இங்கேதான் இருக்கு.' அவ்வளவுதான்," என்றாள்.

"அது ஒரு வரிதானே ஆச்சு. ரெண்டு வரி இடம் விட்டிருக்காங்களே."

"பெரிசா எழுதுங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். மறுநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் உறையை ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டாள். ஈரத்தலையோடு வெளியே வந்தவருக்கு ஒரு பயணத்தில் லீப் வருடத்து நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஞாபகம் வந்தது. ஓடினார். தபால் எடுக்கிறவர் வரும்வரை இரண்டு மணி நேரம் பெட்டியைக் காவல் காத்தார்.

"ஒரு நாள் குறைஞ்சிருக்குங்க. எடுத்துத் திருத்திட்டுப் போட்டுடறேன்."

"உள்ள விழுந்தா விழுந்ததுதான் சார். பெட்டி வாய்க்குள்ள போனது எங்க பொறுப்பு."

"நான் பத்தொன்பது வருஷமா..."

"அப்ப ஒரு நாள் என்ன பெரிசு?" என்று சொல்லிவிட்டு, அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பத்துக் கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி, நாடாளுமன்றத்தில் எத்தனை அவைகள் என்பது. இவர் இரண்டு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? கட்டடம் கட்டிய கொத்தனாரிலிருந்து தொடங்கினார். அங்கிருக்கிற லிஃப்டின் கம்பி எத்தனை இழை என்பதுவரை வந்தார். நான்காவது கேள்வியிலேயே அதிகாரி அம்மாள் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டாள்.

"மேடம், இன்னும் ஆறு கேள்வி இருக்கு."

"உங்களுக்குப் பின்னாடி பதினோரு பேர் இருக்காங்க சார். தயவுசெஞ்சு குடிமகனாப் போயிட்டு வாங்க."

விழா நாள் வந்தது. உறுதிமொழி அச்சடித்த அட்டையை வாசலில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். இவர் வேண்டாமென்று கைகாட்டிவிட்டு உள்ளே போனார். அட்டையா, அவருக்கா? எல்லோரும் எழுந்து நின்றார்கள். 'நான்' என்று தொடங்க வேண்டும். தொடங்கினார். பத்தொன்பது வருடமும் அந்த ஒரு சொல்லில் வந்து அடைத்துக்கொண்டது. அடுத்த சொல் வரவில்லை. சுற்றிலும் இருநூறு பேர் கடகடவென்று சொல்லிக்கொண்டு போக, இவர் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற இளம்பெண், பஸ்ஸைத் தவறவிட்டு வியர்வையோடு கடைசியாக ஓடி வந்தவள், சொல்வதை நிறுத்தாமலே தன் அட்டையை அவர் பக்கம் நகர்த்தி, எந்த வரி என்று கட்டைவிரலால் காட்டினாள்.

அவர் படித்தார். எழுத்துக்கூட்டித்தான் படித்தார். கண் கொஞ்சம் மங்கலாக இருந்ததால் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று பிறகு மனைவியிடம் சொன்னார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. பரவாயில்லை, சிரிக்க வேண்டியதுதான். உங்கள் வீட்டு மேசையில் இரண்டாவது இழுப்பறை இருக்கிறதே, அதைத் திறந்து பார்த்து எத்தனை நாள் ஆகிறது? அதற்குள் பாதி எழுதிய ஏதோ ஒரு படிவம் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். இதைப் படித்து முடித்ததும் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தீர்கள் அல்லவா? முடிந்துவிட்டது. இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?