சிறுவாணி வெளியீடு தள்ளிப்போன விவரம்

பீளமேடு,
வியாழக்கிழமை.

அன்பு மருமகள் லோகப்பிரியாவுக்கு மாமனார் கதிரேசன் எழுதுவது. கோபியில் உன் தாய் வீட்டில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அத்தையும் காலையும் மாலையும் நினைத்துக்கொள்கிறோம். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதும் உன் லேப்டாப்பையும் செல்போனையும் சம்பந்தியம்மாள் பீரோவில் வைத்துப் பூட்டியது சரியான காரியம். அவர்களுக்கு என் வணக்கம். அதனால்தான் காகிதத்தில் எழுதி, சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரும் கிருபாசங்கரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் என் மகன்தான் என்றாலும், தொலைத்துவிடுவான் என்ற பயத்தில் நகல் ஒன்று வைத்திருக்கிறேன்.

இக்கடிதத்தில் வருபவை:
1. நீ ஒப்படைத்த பொறுப்பும் அதற்கு நான் தகுதியில்லாதவன் என்பதும்.
2. இனிப் புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது என்று நீ சொன்ன பிறகு சேர்ந்தவை.
3. அவற்றைத் திருப்பிக் கொடுக்க நான் போய்வந்த ஊர்கள்.
4. நான் எதற்காக வந்தேன் என்பது எந்த வீட்டிலும் தெரியாமல் பார்த்துக்கொண்டது.
5. வெளியீட்டை ஒத்திவைத்தது.

முதலாவது. மில்லில் முப்பது வருடம் உற்பத்தித் திட்டம் போட்டவர் நீங்கள், வெளியீட்டுத் தேதி வரை பார்த்துக்கொள்ளுங்கள் மாமா, என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாய். மில்லில் திட்டம் போடுவது மட்டும்தான் என் வேலை. முடியாது என்று சொல்வதற்குத் தனியாக ஓர் அதிகாரி இருந்தார். இங்கே இரண்டும் ஒரே ஆளுக்கு என்பது உன் கார் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் அத்தைக்கும் விளக்கிச் சொன்னேன்: சிறுவாணி என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும்படி பளு இல்லாமல் செய்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்திச் சேர்க்கலாம். “அப்பொ அம்மணி கேட்டத் தொறந்துபோட்டுட்டு உங்களக் காவலுக்கு வெச்சுட்டுப் போயிருக்குதுங்களா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு, திங்கட்கிழமை மதுக்கரைப் பள்ளியின் பழைய கணினிகளில் ஏற்ற வேண்டும், அவை ஓடாவிட்டால் பள்ளி நிர்வாகம் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுவிடும், தலைமையாசிரியை அன்புக்கரசியிடம் நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்பதெல்லாம் ஒரு நிமிடமும் என் மனதை விட்டுப் போனதில்லை.

இரண்டாவது. பிழை திருத்தம் தவிர வேறு எதையும் உள்ளே விடாதீர்கள் என்றாய். நானும் அதை எழுதிக் கணினிக்கு மேல் ஒட்டினேன். மறுநாளே, உன்னோடு சேர்ந்து சிறுவாணிக்கு எழுதும் பிள்ளைகளில் பெரியநாயக்கன்பாளையம் தமிழ்ச்செல்வன் ஒன்று செய்து அனுப்பினான். கணினியைப் போட்டதும் திரையில் ஒரு மோட்டார் பம்ப் ஓடித் தொட்டியில் தண்ணீர் கொட்டும். கொட்டி முடிந்தால் கணினி தயார். அவன் அப்பா பம்ப் பட்டறை வைத்திருப்பவர் என்பது உனக்குத் தெரியும். விசேஷத்துக்குத் தட்டோடு வந்து வாசலில் நிற்பவரிடம், எங்களுக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று நம் வீட்டில் யாராவது சொன்னதுண்டா? நான் ‘ஏற்கப்பட்டது’ என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு மதுக்கரை மதிவதனி பல்லாங்குழி ஆட்டம் அனுப்பினாள். உக்கடம் ரிஃபானா, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரல் ஒன்றை அனுப்பினாள். ஒருவருக்கு வாங்கிக்கொண்டு மற்றவருக்கு மறுத்தால் பாரபட்சம் என்று ஆகிவிடாதா? நம் வீட்டிலிருக்கும் பழைய கணினியில் ஏற்றிப் பார்த்தேன். பம்ப் ஓடத் தொடங்கியது. தண்ணீர் விழுவதற்குள் உன் அத்தை இரண்டு ஈடு இட்லி எடுத்துவிட்டாள்.

மூன்றாவது. அனுப்பியது வேண்டாம் என்பதை ஈமெயிலில் சொன்னால் மனம் நோகும், நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பேருந்திலேயே மனப்பாடம் செய்துகொண்டு முதலில் பெரியநாயக்கன்பாளையம் போனேன். தமிழ்ச்செல்வனின் அப்பா பட்டறையிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார். “வாங்க வாங்க, நீங்க எங்கூடு தேடி வருவீங்கன்னு கனாவுலயும் நெனைக்கலீங்க. பையன் செஞ்சது தேறுதுங்களா?” என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள், என் வாயில் சோறு இருந்தது. தலையை எப்படி ஆட்டினேனோ தெரியவில்லை. அவர் கண்கலங்கி, “டேய், அந்த முகூர்த்த நாள் காட்டறதையும் குடுத்துடு, பெரியவரு ஆசப்படறாரு” என்றார். அதையும் வாங்கிவந்தேன். உக்கடத்தில் ரிஃபானாவின் தாயார் ரம்ஜான் பீவி சேமியா பாயசம் வைத்தார்கள். “எம்பொண்ணு ராவும் பகலும் அதுலயே கெடக்குதுங்க. நீங்க வந்ததே பெருசுங்க” என்றார்கள். அந்தத் தாயாரின் குரலையும் ரிஃபானா பதிவு செய்து வைத்திருக்கிறாள் என்று அங்கேதான் தெரிந்தது. கணினியை அணைக்கும்போது அவர்கள் குரலில், “போய்ட்டு வாங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்று சொல்கிறது. அம்மணி, அதைக் கேட்டுவிட்டு எந்த மனிதனால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? மதுக்கரையில் இன்னும் மோசம். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே மதிவதனி, “ஏனுங் மாமா, பல்லாங்குழி மட்டும் பத்தாதுன்னு சொல்லத்தானுங்க வந்தீங்க? தாயமும் சேத்திப்போட்டனுங்க” என்றாள். திருப்பிக் கொடுக்கப் போன மூன்று வீட்டிலும் தலா ஒன்று வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு பப்பாளியும் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நான்காவது. இதில் ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எந்த இடத்திலும் என் முகத்தில் எதையும் காட்டவில்லை. சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றேன். மதுக்கரையில் என்ன வேலை என்று கேட்டதற்குக் காற்று வாங்க என்றேன். எதிரே சிமென்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எப்படியோ, யார் மனமும் நோகவில்லை, யாருக்கும் விஷயம் தெரியாது.

ஐந்தாவது. ஆகவே நேற்று காலை வெளியீட்டை ஒத்திவைப்பதாக முடிவு செய்தேன். என் எழுபது வயதில் நானாக எடுத்த முதல் முடிவு இதுதான் போலிருக்கிறது, அதுவும் இப்படி. அன்புக்கரசி டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் நாலு வருட உழைப்பு. பூட்டின பீரோவைப் பார்த்துக்கொண்டு நீ, மாமா பார்த்துக்கொள்வார் என்று படுத்திருப்பாயே என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. உன் அத்தை, “இதப் போயி மாசமா இருக்கற புள்ளைக்கு எழுதோணுமாக்கு?” என்று திட்டுகிறாள். ஆனால் உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லை கண்ணு. நீ ஒன்றும் மனதில் போட்டுக்கொள்ளாதே. நேரத்துக்கு மாத்திரை போடு. சம்பந்தி சொல்வதைக் கேள். எங்கள் இருவர் கையும் உன் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் மாமனார்,
கதிரேசன்.

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை மாலை:

கடிதத்தை உறையிலிட்ட பிறகு, மதியம் தமிழ்ச்செல்வன், மதிவதனி, ரிஃபானா மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனதற்குப் பதில் மரியாதையாக வந்ததாகச் சொன்னார்கள். ஆரஞ்சு வாங்கிவந்திருந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினோம், உன்னைப் பற்றி விசாரித்தார்கள், உன் அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். சிறுவாணியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் போன பிறகு கணினியைத் திறந்தால், பம்ப், முகூர்த்தம், பல்லாங்குழி, தாயம், குரல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி அவரவரே வேண்டுகோள் வைத்திருக்கிறார்கள். அவற்றையும் என்னால் மறுக்க முடியவில்லை, வரிசையாக ஏற்றுக்கொண்டேன். பிறகு சோதித்துப் பார்த்தால் கணினி நொடியில் தயாராகிறது, ஆனால் ஒரு தமிழ் எழுத்துகூட விழவில்லை. ரிஃபானா போன வருடமே செய்து கொடுத்த தமிழ் விசைப்பலகையையும் சேர்த்து எடுத்திருக்கிறாள். உடனே போன் செய்து, “அது வேணும்மா, அத எடுக்காதே” என்றேன். அவள், “நெசமாவா அங்கிள்? நீங்க பஸ் ஏறினதுமே அம்மா சொல்லிப்போட்டாங்க, பெரியவருக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வரல, நாமளே எடுத்துக்கலாம்னு. எதைன்னு தெரியல, அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன். மத்தவங்க ஊட்லயும் அப்படித்தானுங்க” என்றாள். விசைப்பலகை திரும்பி வந்துவிட்டது. வெளியீடு ஞாயிற்றுக்கிழமையேதான், அன்புக்கரசி டீச்சருக்கும் சொல்லிவிட்டேன்.

ஐந்தாவதை அடித்துவிட்டுப் படி. நான்காவதாக எழுதியது முழுக்கத் தவறு, அம்மணி. நான் எதற்காக வந்தேன் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்திருக்கிறது.