அட்டை மட்டும் படித்த கடைசி வாசகர்

மேடையில் பொய் சொல்லத் துணிச்சல் தேவையில்லை. நல்ல மனப்பாடம் போதும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது தாராளமாகவே இருந்தது. எந்த நூல் வெளியீட்டுக்கு அழைத்தாலும் ஒரே உரைதான். நூலின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன். (ஒரு திருமண வாழ்த்துக்கும் அதையே ஒப்பித்திருக்கிறேன். மணமக்கள் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.)

இப்படிப்பட்ட என்னைத்தான் மருமகள் மாலினி தன் முதல் நாவலைப் பற்றிப் பேச அழைத்தாள். செனாய் ஊரிலுள்ள தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, சோறு வேகும் நேரத்தில் அடுப்படியிலேயே உட்கார்ந்து எழுதிய நாவல்.

"வேற யாரும் வேணாம் மாமா. நீங்க படிச்சிட்டுப் பேசுனா போதும்."

நான் அட்டையைப் படித்தேன். 'யாராவது இருக்கிறீர்களா?' என்று தலைப்பு. கீழே, சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலம், ஒரு வண்டிகூட இல்லாமல். காதல் கதை என்று முடிவு கட்டினேன். (அந்தப் பாலத்தில் நெரிசல் இல்லையென்றால் உலகம் அழிந்துவிட்டது என்றுதானே பொருள்? அதுகூட எனக்கு உறைக்கவில்லை.)

ஜொகூர் பாரு கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். முழங்கினேன்.

"இந்நாவலின் மாந்தர்கள் நம் பக்கத்து வீடுகளில் வாழ்பவர்கள். அவர்களுடைய விருந்தோம்பலை நாமும் பின்பற்ற வேண்டும்!"

சிரிப்பு எழுந்தது. அதில் ஊக்கம் பெற்று, "நம் பிள்ளைகளையும் அவர்களைப் போலவே வளர்ப்போம்!" என்றேன்.

முன்வரிசையில் இருந்த மாலினியின் தோழிக்குப் பொறுக்கவில்லை. "அலமாக்! சார், அதுல பாதிப் பேரு பொணம் லா! பக்கத்து வீட்டுக்காரங்களத்தான் கடிச்சித் தின்னுதுங்க!"

மண்டபம் குலுங்கியது. மாலினி மட்டும் மடியிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் காரில் மெதுவாகச் சொன்னாள்: "படிக்கலன்னு சொல்லியிருக்கலாமே மாமா. கோவிச்சிருக்க மாட்டேன்."

பின்னிருக்கையிலிருந்து என் மனைவி, "பொணமாவது எந்திரிச்சி நடக்குது. இவரு புத்தகத்த எடுக்கக்கூட நாற்காலிய விட்டு நகரல," என்றாள்.

மறுநாள் நாவலை முழுவதும் படித்தேன். நடைபிணங்கள் திரியும் ஊரில் ஒளிந்து வாழும் சில இளம் வலைப்பதிவர்கள், படிக்க ஆள் உண்டா என்றே தெரியாமல் தினமும் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பதிவும் "யாராவது இருக்கிறீர்களா?" என்று முடிகிறது. பதில் போடுபவர் ஒரே ஒருவர். ஸ்கூடாயில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, என்னைப் போலவே தே ஓ என்னும் பாலில்லாத் தேநீரில் பிஸ்கட்டை முக்கித் தின்னும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "இருக்கிறேன் அம்மா. எழுது." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் உயிர் வாழ்கிறார்கள்.

அடுப்படிக்குப் போனேன்.

"மன்னிச்சிரும்மா. இப்பத்தான் படிச்சேன்."

மாலினி நம்பவில்லை. "எங்க, கடைசியில அந்த வாத்தியாருக்கு என்னா ஆவுது, சொல்லுங்க?"

"எல்லாரும் சாவுறாங்க. அவர மட்டும் நீ சாக விடல."

"எப்படி விடறது மாமா? அப்புறம் யாரு படிப்பா?"

இப்போது அவள் எழுதும் ஒவ்வொரு பக்கமும் முதலில் என் கைப்பேசிக்குத்தான் வருகிறது. நாளிதழோடு நான் கண்ணயர்ந்து, சாப்பிடக் கூப்பிட்டும் வராவிட்டால், வீடே சேர்ந்து கத்துகிறது: "யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. எழுது," என்கிறேன்.

அதைச் சொன்னால்தான் எனக்குச் சோறு.