தொடாமல் இருக்கத் தெரியாதவர்

"தொடாதே! தொடாதே கண்ணு, விடு, கையை எடு!"

தொட்டார்.

ஆற்றை நோக்கி வளைந்துகொண்டிருந்த தூண்டில் கம்பு ஒரு நொடி யோசித்தது. பிறகு நிமிர்ந்து நேராக நின்றுவிட்டது. மீன் போய்விட்டது. படகின் நடுவில் துடுப்புகளோடு உட்கார்ந்திருந்த கைடு டார்லீன் வானத்தைப் பார்த்தார். வானத்தில் மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

"லேசாத்தான் தொட்டேன்," என்றார் வெண்டல், கம்பை இன்னும் விடாமல்.

வாசகரே, இதுதான் அந்த இனம். இந்த வெண்டல் என் தங்கையின் கணவர் என்பதால் அவரை நான் அருகிலிருந்து ஆராய முடிந்தது. ஆனால் இனம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. உங்கள் தெருவிலும் இருக்கிறது.

லிப்டுக்காக நிற்கிறீர்கள். பொத்தானை அழுத்தியாகிவிட்டது, சிவப்பாக எரிகிறது. இவர் வருகிறார். உங்களைப் பார்க்கிறார். பொத்தானைப் பார்க்கிறார். தானும் ஒருமுறை அழுத்துகிறார். நீங்கள் அழுத்தியது கணக்கில் சேராது. 'பெயிண்ட் ஈரம்' என்று பலகை மாட்டியிருந்தால் விரலை வைத்துப் பார்த்து, ஈரம்தான் என்று உறுதி செய்துகொண்டு, விரலைத் துடைக்க இடம் தேடிக் கடைசியில் தன் கோட்டிலேயே துடைப்பவர் இவர். புல்விதை தூவிய மறுநாள் காலையில் மண்ணைக் கிளறி முளைத்துவிட்டதா என்று பார்ப்பவரும், காட்டில் கூடாரம் போட்டால் நன்றாக எரிந்துகொண்டிருக்கும் நெருப்பை ஒரு குச்சியால் குத்திக் குத்தி, இந்தக் கட்டையை அந்தப் பக்கம், அந்தக் கட்டையை இந்தப் பக்கம் என்று மாற்றி, எல்லோரும் இருட்டில் உட்காரும்படி செய்பவரும், குழந்தை இப்போதுதான் தூங்கியது என்று சொன்னால், தூங்கிவிட்டதா என்று கன்னத்தில் தட்டிப் பார்ப்பவரும் இவர்தான்.

குழந்தை விழித்துக்கொள்ளும். "தூங்கலியே," என்பார்.

கெட்ட எண்ணம் என்று ஒன்று இவரிடம் கிடையாது. நல்ல எண்ணம் கைநிறைய உண்டு. கைதான் பிரச்சினை.

இப்படிப்பட்ட ஒருவர் எங்கே போகவே கூடாது என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால், குளிர்காலத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் கரையோர ஆறு ஒன்றில் பொய்மீன் விட்டுப் பிடிக்கும் படகு என்றுதான் முடிவு செய்திருப்பார். இதில் வேலை செய்பவர் கைடு. நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலித்துப் படகை அங்குலம் அங்குலமாக ஆற்றின் போக்கில் விடுகிறார். முன்பக்கம் தாங்கியில் செருகிய கம்புகளிலிருந்து நைலான் நரம்பு நீண்டு போகிறது. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பொய்மீன் நெளிந்துகொண்டே, கடலிலிருந்து முட்டையிட மேலேறி வரும் சால்மனையும் ஸ்டீல்ஹெட்டையும் எரிச்சலூட்டுகிறது. எரிச்சல் முற்றிய மீன் அதைக் கவ்வுகிறது. கம்பின் நுனி ஆடுகிறது. அப்போது தொடக் கூடாது. மீன் கவ்வியதோடு திரும்பி ஓட வேண்டும். நுனி தண்ணீருக்குள் போக வேண்டும். நரம்பு சுற்றிய ரீல் சுழன்று அலற வேண்டும். தூண்டில் முள் மீனின் வாயில் தானாக ஏறிவிடும். பிறகுதான் மனிதக் கை. அவசரப்பட்டு முன்னாலேயே இழுத்தால், மீனின் வாயிலிருந்து பொய்மீனை நாமே பிடுங்கிக் கொடுத்ததாக ஆகும்.

அதாவது, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் விடியுமுன் எழுந்து, ரப்பர் கால்சட்டை மாட்டி, மழையில் வருகிறோம்.

வெண்டலுக்கு அன்று மீன் கட்டாயம் தேவைப்பட்டது. தேங்க்ஸ்கிவிங் விருந்தில் எங்கள் அப்பா, எல்லோர் தட்டிலும் வான்கோழி விழுந்த பிறகு, முள்கரண்டியை மாப்பிள்ளையை நோக்கி நீட்டினார்.

"மாப்ளே, வான்கோழியை யார் வேணும்னாலும் கடையில வாங்கலாம். நீ பிடிச்ச மீனை ஒரு தடவை தின்னுட்டுக் கண்ணை மூடலாம்னு பாக்கறேன். ரொம்ப நாள் காக்க வைக்காதே, எனக்கும் மத்த வேலை இருக்கு."

மேசை முழுவதும் சிரித்தது. வெண்டலும் சிரித்தார். சிரித்து முடித்ததோடு விட்டிருக்கலாம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க மாமா. நான் பிடிச்ச மீன். நானே சமைக்கறேன்."

யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாளை. மீன் வர வேண்டியது இன்று.

"இங்க பாரு கண்ணு," என்றார் டார்லீன். அந்த அம்மாளுக்குப் படகில் ஏறுகிற எல்லோரும் கண்ணுதான். கோபம் ஏற ஏறச் சொல் இனிக்கும். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அது மேல உக்காரு. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கப்படாது."

"நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?"

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன். அதுங்க கேட்கும்."

உட்கார்ந்தார். படகு இன்னொரு வளைவைத் தாண்டியது. பாறை ஒன்றின் கீழே, பச்சைத் தண்ணீர் மெதுவாகச் சுற்றும் இடத்தில், வெண்டலின் கம்பு நுனி இரண்டு முறை தலையாட்டியது.

கைகள் நகரவில்லை. நான் சாட்சி. ஆனால் வலது கால் பூட்ஸோடு எழுந்து, கம்பின் அடிப்பக்கத்தை ஒரு மிதி மிதித்தது.

கம்பு நிமிர்ந்தது.

"கை படவே இல்லையே!" என்றார் வெண்டல்.

"காலை எவன் வைக்கச் சொன்னது?"

"அதுவாப் போச்சு. லேசாத்தான் பட்டது."

ஒன்றைக் கற்றுக்கொண்டேன். இந்த இனத்துக்குக் கையைக் கட்டிவிட்டால் உடம்பில் மீதமிருக்கும் எல்லாமே கை.

அந்த நேரம் பார்த்து ஆற்றின் மேற்பக்கமிருந்து இன்னொரு படகு எங்களைத் தாண்டிப் போனது. அதன் கைடு வெர்ஜில் ஒரு பெரிய சால்மனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கிக் காட்டினார்.

"என்ன டார்லீன், உங்க படகுல விரதமா?"

"போடா, போ. மீனைவிட நீதான் அதிகமா நாறற."

வெர்ஜில் சிரித்துக்கொண்டே வளைவில் மறைந்தார். டார்லீன் சிரிக்கவில்லை. நங்கூரத்தைப் போட்டார். ஃபிளாஸ்கைத் திறந்து இரண்டு பெரிய குவளைகளில் காபியை விளிம்பு தொட ஊற்றி, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என வெண்டலிடம் கொடுத்தார்.

"ஒரு சொட்டு சிந்தினாலும் கரையில இறக்கி விட்டுடுவேன். காட்டுக்குள்ள நடந்தே ஊர் போய்ச் சேரு."

"குடிக்கலாமா?"

"கூடாது."

"அப்ப எதுக்குக் காபி?"

"பிடிச்சுக்க, கண்ணு."

நங்கூரம் ஏறியது. வெண்டல் இரண்டு குவளைகளையும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சிலை மாதிரி உட்கார்ந்தார். மழை காபியில் விழுந்தது. காபி அளவில் கூடியது. அது அவருடைய இன்னொரு கவலை.

மதியம் தாண்டியபோது கம்பு ஆடியது.

"மச்சான், ஆடுது."

"தெரியுது."

"மச்சான், நீ வேணும்னா லேசா ஒரு தடவை..."

பார்த்தீர்களா? கைகள் கட்டுப்பட்டால் கால். காலும் கட்டுப்பட்டால் பக்கத்தில் இருப்பவரின் கை. நான் என் கைகளின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

நுனி மறுபடி ஆடியது. மூன்றாம் முறை ஆழமாகக் குனிந்தது. வெண்டலின் கழுத்து புடைத்தது. குவளைகள் நடுங்கின. மழை கலந்த காபி இரண்டு கட்டைவிரல்களின் மேலும் வழிந்தது. அவர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மனிதர் ஒன்றும் செய்யாமல் இருப்பதை அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்ப்பது எளிதல்ல. பிரசவ அறைக்கு வெளியே நிற்பதுபோல் இருந்தது.

கம்பு வளைந்து தண்ணீரைக் குத்தியது. ரீல் அலறியது.

"இப்ப எடு!"

"தொடலாமா?"

"எடு கண்ணு!"

"நிச்சயமாத்தானே?"

"எடுறா!"

குவளைகள் இரண்டும் என் மடியில் கவிழ்ந்தன. ரப்பர் கால்சட்டையைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும். வெண்டல் கம்பைத் தூக்கினார். மீன் ஆற்றின் குறுக்கே ஓடி, ஒருமுறை வெளியே துள்ளி, வெள்ளித் தட்டு ஒன்றை யாரோ விசிறி எறிந்ததுபோல் மின்னி விழுந்தது. ஸ்டீல்ஹெட்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் நன்றாகவே சமாளித்தார். ஓடும்போது ஓட விட்டார். நின்றபோது சுற்றினார். டார்லீன் "விடு" என்றால் விட்டார், "சுத்து" என்றால் சுற்றினார். இவ்வளவு நாள் அந்தக் கைகள் யாருடையவையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மீன் களைத்துப் படகோரம் வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. டார்லீன் எழுந்து, கைவலையோடு குனிந்து பார்த்தார். வாலுக்குச் சற்று முன்னால், முதுகில் துடுப்புபோல் ஒரு குட்டிச் செட்டை இருக்கும். அது இருந்தால் ஆற்றில் பிறந்த மீன். திரும்ப விட்டுவிட வேண்டும். பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்ட மீனுக்கு அதைக் குஞ்சாக இருக்கும்போதே வெட்டி விடுவார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

"செட்டை இல்ல!" டார்லீன் கூவினார். "வெண்டல், இது உன் மாமனார் மீன்யா!"

நாளைய சாப்பாடு வலைக்கு ஒரு முழம் தள்ளி மிதந்தது.

"அவசரமே வேண்டாம்," என்றார் டார்லீன். "இன்னும் ஒரு முழம். தானா வரும். நரம்பை அப்படியே வெச்சிரு."

வெண்டல் அப்படியே வைத்திருந்தார். மீன் வரவில்லை, போகவும் இல்லை. அங்கேயே நின்று வாயைத் திறந்து மூடியது. மழை பெய்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு முழத்தையே பார்த்தோம்.

வலையைப் பிடித்திருந்தது டார்லீனின் வலது கை. இடது கைக்கு வேலை இல்லை. அது மெல்லப் படகின் விளிம்பைத் தாண்டிப் போனது. இறுகி நின்ற நரம்பை இரண்டு விரல்களால் பிடித்தது. லேசாக இழுத்தது.

மீன் தலையை ஒரு வெட்டு வெட்டியது. நரம்பு அறுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை; யாரோ பல்லால் நூலைக் கடித்ததுபோல் இருந்தது.

டார்லீன் தன் இரண்டு விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் லேசாத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

வெண்டல் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்துவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அவர் முகத்திலோ, வெளியூர் ரயில் நிலையத்தில் சொந்த ஊர்க்காரரைக் கண்டுவிட்டவரின் மலர்ச்சி.

"விடுங்க டார்லீன்," என்றார். "எனக்கும் இப்படித்தான் ஆகும்."

அதற்குப் பிறகு படகைக் கரையேற்றும் வரை எந்தக் கம்பும் ஆடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடாமல் மழை பெய்தது. ஆறு கலங்கி ஏறியதால் படகுகள் இறங்கவில்லை. மதியம் அப்பா வெண்டல் வீட்டுக்கு வந்தார். மேசையில் உட்கார்ந்து கைக்குட்டையைச் சட்டைக் கழுத்தில் செருகிக்கொண்டார்.

"மீன் எங்கே மாப்ளே?"

"கோழி மாமா. அடுப்புல இருக்கு."

நடந்ததை வெண்டல் சொன்னார். கைடு நரம்பைத் தொட்ட இடம் வந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன். அதை அப்பா உடனே நம்பினார். அவர் நம்பாதது வேறு.

"கம்பு ஆடுது, நீ பாட்டுக்கு ரெண்டு கையில காபியை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தே? நீ?"

"ஆமா மாமா."

"உன் கை? சும்மா இருந்துச்சு?"

"இருந்துச்சு மாமா."

"உளறாதே."

கோழியை முதலில் அதிகச் சூட்டில் வைத்து, சற்று நேரத்தில் சூட்டைக் குறைத்துவிட வேண்டும். வெண்டல் குறைத்திருக்கவில்லை. முதலில் வாசனை வந்தது. பிறகு அது வேறு வாசனையாக மாறியது. தங்கை லொரேன் அடுப்பைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, கருகுது."

"அடுப்புல வெச்ச மணி அடிக்கட்டும். அதுக்கு முன்னால தொடக்கூடாது."

"புகை வருதுங்க!"

"வரட்டும்."

வெண்டல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை எல்லோரையும் உட்கார்த்தி வைத்தது. வாசகரே, நீங்கள் அந்த மேசையில் இருந்திருந்தால் இந்நேரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, யாரையும் கேட்காமல், அடுப்புக் கதவைத் திறந்திருப்பீர்கள். லேசாகத்தான். எனக்குத் தெரியும்.

மணி அடித்தது. கோழி மேசைக்கு வந்தது. மேல்பக்கம் முழுவதும் கறுப்பு. லொரேன் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

அப்பா கத்தியால் கரியைச் சுரண்டி ஓரமாகத் தள்ளினார். உள்ளிருந்து ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"சரி," என்றார். "நம்பறேன்."

இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார்.