அக்காவின் மடிக்கணினியில் பாரம் குறைத்த கதை

பெரிய காரியத்தில் இறங்கி மூக்குடைபட்டவர்களை ஊர் ஓரளவு மன்னித்துவிடுகிறது. நான் மூக்குடைபட்டது ஒரு சின்னக் காரியத்தில். ஒரு பழைய மடிக்கணினியின் பாரத்தைக் குறைக்கப் போனேன்; குறைத்தேன்; கொஞ்சம் கூடுதலாகக் குறைத்துவிட்டேன்.

கணினி என் அக்காவுடையது. தேற்றாத்தீவில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அத்தான் மட்டக்களப்பில் இருந்த எனக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், உன்ட அக்கா கோழிக்குப் பேர் கூப்பிட்டு வரவு எடுக்கத் தொடங்கிட்டா. நேத்து நான் சாப்பிடக்குள்ள கை கழுவினீங்களான்னு கேட்டு, விரலைத் திருப்பிப் பாத்தவ. இவக்கு ஒரு வகுப்புப் புடிச்சுக் குடு. இல்லாட்டி நான் இந்த வருசம் அஞ்சாம் வகுப்புச் சோதினை எடுக்க வேண்டி வரும்."

சிரித்தேன். ஆனால் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் அடுத்ததாகச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெற்றோர் சிலர், பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடினார்கள். மூன்று பேரை ஆளுக்கு ஒரு வெள்ளோட்ட வகுப்பு எடுக்கச் சொல்லி, அதில் ஒருவரைத் தெரிவு செய்வார்களாம். அக்காவும் பெயர் கொடுத்தார். ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணி, இன்னும் மூன்று வாரம்.

வீட்டிலிருந்த மடிக்கணினி, அக்காவின் மகன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போனது. அதன் பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

"லினக்ஸ் போட்டாப் பறக்கும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். (இந்த வசனத்தை நான் சொல்லும்போதெல்லாம் வீட்டில் யாராவது தலையில் கை வைப்பது அன்றுமுதல் வந்த பழக்கம்.)

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் உள்ளே ஓடுவது ஒன்று. மெனு, பட்டை, சின்னப் படங்கள் என்று திரையில் நம் கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் இன்னொன்று. அதில் பல வகை உண்டு; தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடிவந்து இருப்பார். ஆகவே மாப்பிள்ளை எவ்வளவு பெரிய ஆள் என்பதைவிட, அந்த வீட்டுக்குள் அடங்குவாரா என்பதே கேள்வி. நானும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். குனோம், கே.டி.ஈ. இரண்டும் நல்ல இடத்துப் பிள்ளைகள். ஆனால் இந்தச் சின்ன வீட்டில் அவர்களுக்குக் கால் நீட்ட இடமில்லை. எக்ஸ்.எஃப்.சி.ஈ. அடக்கமானது, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். எல்.எக்ஸ்.கியூ.டி. அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடும்.

புத்தியுள்ளவன் அந்த இரண்டில் ஒன்றோடு நிறுத்தியிருப்பான். நான் படித்தவன் அல்லவா? நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் எண்ணில் எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. அது குறையக் குறைய நானே மெலிவதுபோல ஒரு பூரிப்பு. கடைசியில், டெஸ்க்டாப்பே தேவையில்லை என்ற ஞானம் பிறந்தது. சாளரங்களை மட்டும் திறந்து மூடும் ஒரு சிறு நிரலைப் போட்டேன். பட்டை இல்லை, படம் இல்லை, மணிக்கூடு இல்லை. வெறும் சாம்பல் நிறத் திரை.

அத்தான் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரியிட்டக் கேட்டியா மச்சான்?"

"அக்காக்கு இது விளங்காது அத்தான்."

"நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்து முப்பது வருசம். இன்னும் ஒரு உரலைக்கூட இடம் மாத்தி வைக்கல்ல. நீ வந்து மூணு நாளில எல்லாத்தையும் தூக்கி முற்றத்தில போடுறாய்."

அவர் போனபின் உற்சாகம் கூடியது. அச்சுப்பொறிக்கான நிரல்: வீட்டில் அச்சுப்பொறி இல்லை, நீக்கு. விளையாட்டுகள், நீக்கு. சீன எழுத்துருக்கள், நீக்கு. அடுத்து 'இந்திய எழுத்துருக்கள்' என்று ஒரு பொதி. இந்தியாவா? நாங்கள் இலங்கைக்காரர். அக்கா என்ன டெல்லிப் பிள்ளைகளுக்கா படிப்பிக்கப் போகிறார்? ஒரு கணமும் யோசிக்காமல் தூக்கினேன். பிறகு என் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். மின்னல் வேகம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகும் சேலை உடுத்தி, பூ வைத்து, மேசையில் வந்து அமர்ந்தார். கணினி நொடியில் விழித்தது.

"கரண்ட் போயிட்டுதா தம்பி?"

"இல்லக்கா, அதுதான் திரை."

"ஒண்ணையும் காணல்லயே. எங்க அமத்துற?"

"வெறும் இடத்தில வலப்பக்கப் பொத்தானை அமத்துங்க. மெனு வரும்."

"எல்லா இடமும் வெறும் இடமாத்தானேடா கிடக்கு."

நானே அமத்தி, என் போனிலிருந்து இணையம் கொடுத்து, வகுப்பைத் திறந்துவிட்டேன். திரையில் ஆறு பிள்ளைகளும், ஏற்பாடு செய்த பெண்மணியும் தெரிந்தார்கள். கடையில் செய்வித்துப் பென் டிரைவில் கொண்டுவந்த பாடத்தை அக்கா திறந்தார். முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு பெட்டி. அதன் கீழே சின்னதாக ஐந்து பெட்டிகள். அடுத்த பக்கம், இன்னும் பெட்டிகள். உயிரெழுத்து முழுவதும் ஒரே அளவில், ஒரே வடிவில், வெறுமையாக நின்றது.

தமிழ் எந்தப் பொதிக்குள் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"டீச்சர், எங்களுக்குப் பெட்டி பெட்டியாத் தெரியுது" என்றார் பெண்மணி.

ஆறு வயது இருக்கும் ஒரு சிறுமி திரைக்கு மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தாள். "இதுதான் தமிழா? இது எனக்கு எழுதத் தெரியுமே."

நான் கையை நீட்டி, எழுத்துருவைத் திரும்ப இறக்க ஒரு கட்டளை கொடுத்தேன். இருந்த கொஞ்ச இணையத்தையும் அது இழுத்துக்கொண்டது. லண்டன் முகங்கள் ஏழும் வாய் திறந்தபடி உறைந்தன.

"கையை எடு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

எடுத்தேன். நான் கொடுத்த கட்டளையையும் நிறுத்தினேன். முகங்கள் அசைந்தன. அக்கா குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய இரகசியம் சொல்லப்போவதுபோல முன்னால் சாய்ந்தார்.

"ஓம் பிள்ளைகள், இது பெட்டி. உள்ளுக்க ஒரு ஆள் ஒளிச்சிருக்கார். நாம இப்ப மெதுவாத் திறக்கப் போறம். சத்தம் போட்டா ஓடிருவார்."

கைப்பையில் இருந்து சோக்குக்கட்டியை எடுத்தார். (ஓய்வு பெற்றும் அதைக் கைவிடவில்லை.) என்னிடம் கணினியைத் தூக்கச் சொன்னார். அத்தான் போன மாதம்தான் வாங்கிய கறுப்பு அலுமாரியின் கதவில் ஒரு பெட்டி கீறி, அதற்குள் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கோடு என்று வரைந்து நிறுத்தி, "ஆர் இது?" என்றார். பதில் வந்தது. அடுத்த பெட்டி. முக்கால் மணி நேரம் நான் கணினியைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாக நகர்ந்தேன். அது இலேசான கணினி என்று இனி யாரும் என்னிடம் சொல்லக்கூடாது. அத்தான் வாசலில் நின்று தன் அலுமாரி வெள்ளையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு அக்கா இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டாராம்.

மூன்றாம் நாள் லண்டன் பெண்மணி போனில் பேசினார். "மற்ற ரெண்டு டீச்சர்மாரும் எழுத்தக் காட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒளிச்சு வச்சீங்க. அடுத்த பெட்டி எப்பன்னு பிள்ளைகள் கேக்குதுகள்."

அக்கா உண்மையை மறைப்பவர் அல்ல. "அது என்ட யோசனை இல்ல. தம்பி கெடுத்தது" என்றார். வேலை கிடைத்தது. எனக்குப் பெயர் கிடைத்தது.

அடுத்த வாரமே எக்ஸ்.எஃப்.சி.ஈ.யைப் போட்டேன், இந்த முறை வீட்டுக்காரியிடம் கேட்டு. அவர் கேட்டவை மூன்றுதான்: பெரிய எழுத்து, கீழே மணிக்கூடு, வகுப்புக்கென்று ஒரே ஒரு படம். கணினியும் ஓடுகிறது, வகுப்பும் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு அக்காவின் கூட்டாளி டீச்சர்மார் தங்கள் பழைய மடிக்கணினிகளைக் காவிக்கொண்டு வருகிறார்கள். அலுமாரிக்குள் கிடந்த நாலைந்து பெட்டிகள் இப்போது பாடம் நடத்துகின்றன. நான் எதையாவது நீக்கப் போனால் அக்கா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

போன ஆவணியில் லண்டன் குடும்பமொன்று பாசிக்குடாக் கடற்கரைக்கு வந்து, அப்படியே டீச்சரையும் பார்க்க வந்தது. மூக்கை ஒட்டவைத்துப் பார்த்த அந்தச் சிறுமி என்னைக் கண்டதும், "நீங்கதானே பெட்டி மாமா?" என்று கேட்டாள். தன் அலுமாரிக்குப் பழி தீர்ந்ததுபோல அத்தானின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் ஒரு கடதாசியை நான்காக மடித்து நீட்டி, "திறங்க" என்றாள்.

திறந்தேன். உள்ளே தமிழில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். ஓர் எழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம் பார்த்து நின்றது.

"சரியா மாமா?"

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒரே கட்டளையில் துடைத்தவன் நான். "நல்லாச் சரி மகள்" என்றேன்.